கிரேஸ் டீச்சரின் ஓடிபி என் போனில்

கிரேஸ் டீச்சர் போய்விட்டார். நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்... காரில் ஏற்றி மலையிலிருந்து கீழே இறக்குவதற்குள், பாதி வளைவிலேயே முடிந்துவிட்டது.

வாழவந்தி நாட்டில் என் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடையைத் தெரியாத ஆள் கிடையாது. பகலில் ஷட்டரை இறக்கி யாரும் பார்த்ததும் கிடையாது. இன்றைக்கு இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து இந்தப் பதிவை டைப் பண்ணுகிறேன்.

டீச்சருக்கு ஊர் கரூர் பக்கம். வீட்டுக்காரரையும் மகள் ஜெனியையும் அங்கே விட்டுவிட்டு எங்கள் மலைப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தவர்.

பழக்கம் ஆனது பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு ஸ்மார்ட் டிவியால். வந்து ஒரு மாசமாகியும் அது எரியவே இல்லையாம், என்னைக் கூப்பிட்டார்கள். நான் படித்தது எட்டாவதுதான். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் சேலத்து இன்ஜினியர்களே எனக்குப் போன் போட்டுத்தான் சந்தேகம் கேட்பார்கள்.

போனேன். டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். படம் வந்துவிட்டது! பிள்ளைகள் கைதட்டிய சத்தம் மலையில் அடுத்து இருக்கிற குண்டூர் நாடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்னண்ணே பண்ணீங்க?"

"உள்ள சாஃப்ட்வேர் திரும்பிக்கிச்சுங்க டீச்சர். நேராக்கி உட்டேன்."

பிளக் கழன்று கிடந்ததை அவரும் பார்த்துவிட்டார். "நாளைக்கும் வாங்கண்ணே" என்றார்.

அப்படிப் போக ஆரம்பித்தவன்தான். வருகைப் பதிவு ஆப், மார்க் ஏற்றுவது, பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் தமிழ் டைப்பிங்... எல்லாவற்றுக்கும் நான்தான். அதில் பாதியை டீச்சர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், அது வேறு விஷயம்.

டீச்சரின் சிம்முக்கு இங்கே டவர் கிடையாது. என் சிம்முக்குக் கடை வாசலில் நாலு கோடு நிற்கும். "என் நம்பரைப் போடுங்க டீச்சர், நான் எங்கீங்க போகப் போறேன்" என்று அவருடைய லாகினில் என் நம்பரை நானே அடித்துக் கொடுத்தேன்.

அதோடு இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.

அவர் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் ஓடிபி என் போனுக்கு வரும். நான் கடை வாசலில் நின்று, ரோட்டுக்கு மேலே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கத்த வேண்டும். "நாலு... ஏழு... சைபர்..." லாரியில் மரவள்ளி மூட்டை ஏற்றுகிறவர்கள் அதை வாங்கி இன்னும் மேலே கத்துவார்கள்.

கிண்டல் வேறு. "ஏனுங்க டீச்சர், இன்னைக்கு நம்பரு ராசியில்லீங்க, வேற அனுப்பச் சொல்லுங்க!"

இந்த லட்சணத்தில் ஒருநாள் என்னை வகுப்பில் நிறுத்தி, ஆன்லைன் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார். "ஓடிபிய மட்டும் யாருக்கும் சொல்லக் கூடாது சாமிகளா" என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அப்பறம் நீங்க ஏனுங்க மாமா ஊருக்கே கத்தறீங்க?"

டீச்சர் சிரித்த சிரிப்பு... மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஆனால் சாயங்காலம் கடைசி பஸ் கீழே இறங்கும்போது என் கடை வாசலில் வந்து நிற்பார். அது திரும்பி மறையும் வரைக்கும் பார்ப்பார்.

ஜெனி பத்தாம் வகுப்புக்குப் போகிற வருஷம். டிரான்ஸ்ஃபருக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, கேட்ட பேப்பர் எல்லாம் நேத்துதான் கைக்கு வந்துச்சு. இன்னிக்கு ஒருநாள் மட்டும் கடையை விட்டு எங்கயும் போயிடாதீங்க. பொண்ணுகூட இருக்கணும்ணே."

"உசுரே போனாலும் நகர மாட்டனுங்க டீச்சர்."

பதினோரு மணிக்கு ராசிபுரத்திலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினான். வாசலூர்பட்டி ஏரியில் படகு விட வேண்டுமாம். "படகுக்காரங்க பூரா நம்ம ஆளுங்கன்னு சொன்னீங்களே மாமா!" சொன்னது நான்தான். எப்படிப் போகாமல் இருப்பது? அரை மணி நேரம் என்றுதான் கிளம்பினேன்.

ஏரியில் டவர் இல்லை. திரும்பும்போது சாயங்காலம். கடைக்கு நூறடி முன்னால் ஒன்பது ஓடிபி மெசேஜ் ஒரேயடியாக வந்து விழுந்தது.

டீச்சர் வாசலில் நின்றிருந்தார். "அஞ்சு மணிக்கு சைட்டை மூடிட்டாங்கண்ணே."

"தமிழ்நாடு பூரா சர்வர் டவுனுங்க டீச்சர்! மெசேஜே வரலீங்க. சென்னைக்கே போன் போட்டுச் சத்தம் போட்டனுங்க."

என் பேண்ட் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. அதைப் பார்த்தார். "சரிண்ணே... சாப்பிட்டீங்களா?" என்றார்.

அதற்கப்புறம் ஒருமுறை, "நம்பரை மாத்திடலாமாண்ணே" என்று கேட்டார். "அதுக்கு டெல்லி வரைக்கும் போகோணுமுங்க" என்றேன். ஆபீசில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தெரியும். மாற்றிவிட்டால் என்னை யார் தேடுவார்கள்...

அடுத்த வருஷம் விண்ணப்பம் ஒழுங்காகப் போனது. ஆனால் அவர் கேட்ட பக்கம் இடமே காலியில்லை.

இன்று காலையில் ஜெனி போன் பண்ணினாள். "அம்மா உங்களப் பத்தி நிறையச் சொல்லுவாங்க மாமா. அன்னிக்கு சர்வர் மட்டும் டவுன் ஆகாம இருந்திருந்தா, இந்த ரெண்டு வருசமும் அம்மா எங்ககூட இருந்திருப்பாங்கல்ல?"

"ஆமா கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எழுந்து போய் ஷட்டரை இறக்கினேன்.

ஜெனி கண்ணு, நீ என் பதிவெல்லாம் படிக்கிறவள், இதையும் படிப்பாய். அன்றைக்கு சர்வர் நன்றாகத்தான் இருந்தது. மாமாதான் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு அடக்கத்துக்கு முதல் பஸ்ஸில் வாரேன். உங்கள் வீட்டுத் தெருவிலேயே நிற்கிறேன். நீ உள்ளே வரச் சொன்னால் அம்மா முகத்தைப் பார்ப்பேன். இல்லாவிட்டால் அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்வேன்.

ஊர் போய்ச் சேருங்க, டீச்சர்...