எட்டு ஓம்ஸ் பெட்டி

என்னைக் கோபக்காரி என்று சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரின் ஒரே மகள் நான். மற்ற பெண்கள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த வயதில் சால்டரிங் அயர்னால் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தவள். அப்படிப்பட்டவளை ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

தலைச்சோலைக்குப் போகும் வழியில், எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. மலை பார்க்க வருகிறவர்களுக்குத்தான் அழகு. துவைத்த துணி மூன்று நாள் காயாது. காப்பிச் செடிக்குள் இரண்டு எட்டு வைத்தால் அட்டை ஏறிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கே பனி வந்து வாசலை மூடும். எனக்கு எப்போதடா சேலத்துக்குப் போவோம் என்று இருந்தது. ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது என்பதால் அவரிடம் வாயைத் திறந்து சொன்னதில்லை. கேட்டால், "குளுகுளுன்னு நல்லாத்தானுங்க இருக்குது" என்பேன்.

அவரிடம் ஒரு கிட்டார் இருந்தது. பங்களாவைக் காலி செய்துபோன ஒருவர் விட்டுப்போனது. பார்த்தும் கேட்டும் தானாகவே பழகிக்கொண்டார். லைனில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய பாட்டுக் கச்சேரியில் இவரும் உண்டு. ஆனால் டிரம்காரர் கையை ஓங்கினால் போதும், கிட்டார் காணாமல் போய்விடும். மேடையில் இவர் தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பது தெரியும், சத்தம் வராது. "உங்க ஊட்டுக்காரரு நல்லா நடிக்கறாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் பெரிய மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவர் விலகிப்போனார். பங்குனியில் எங்கள் மாரியம்மன் பண்டிகைக்கு அந்தக் குழுவின் மாஸ்டர் வருவதாகவும், இவர் வாசிப்பதைக் கேட்டுப் பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் தகவல் வந்தது. ராத்திரி பகல் அதே பேச்சு. அவர் சேலத்துக்குப் போனால் நானும் போகலாம், பிரசவத்தை அம்மா வீட்டில் பார்த்துக்கொண்டு அப்படியே அங்கேயே தங்கிவிடலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

என்னைப் பார்க்க வந்த அப்பா, பழம், முறுக்கோடு, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு ஆம்ப்ளியையும் நான்கு ஸ்பீக்கர்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்காக அவரே பூட்டிய ஆம்ப்ளி. பின்பக்கம் சிவப்பு நகப்பூச்சில் 8 என்று எழுதியிருந்தார். எட்டு ஓம்ஸ் என்று அர்த்தம். ஸ்பீக்கர் பக்கமிருந்து அந்த அளவுக்காவது எதிர்ப்பு இருந்தால்தான் ஆம்ப்ளி தாங்கும். குறைந்தால் மின்சாரம் மடை உடைந்தது போல் ஓடி, உள்ளே டிரான்சிஸ்டர் வெந்துபோகும்.

எஸ்டேட் ஆசாரியிடம் சில்வர் ஓக் பலகையில் ஒரு பெட்டி அடித்து வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் அவரும் கீழே உட்கார்ந்து ஒயர் கொடுத்தோம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எட்டு ஓம்ஸ். நான்கையும் பக்கம் பக்கமாக ஒரே ஜோடி ஒயரில் சேர்த்தால் இரண்டாகக் குறைந்துவிடும். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் முப்பத்திரண்டு, சத்தம் சுருங்கிவிடும். இரண்டிரண்டாகக் கோர்த்தால் பதினாறு, பதினாறு. அந்த இரண்டு ஜோடியையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் சரியாக எட்டு. இதை அவரிடம் விளக்கிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். முதல் தடவை உளறினார். ஒரு கரண்டி உப்புமாவுக்குப் பிறகு இரண்டாம் தடவை சரியாகச் சொன்னார். "நீ வாத்திச்சியாப் போயிருக்கோணும் புள்ள" என்றார். டார்ச் செல்லை ஒயரில் தொட்டுத் தொட்டு, நான்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒரே பக்கம் எகிறுகிறதா என்று பார்த்தோம். ஒன்று மட்டும் உள்ளே இழுத்தது, மாற்றிப் பற்றவைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் முதல் கம்பியைத் தட்டினார். அலமாரியில் தட்டெல்லாம் சிலிர்த்தன. லைனே வாசலுக்கு வந்துவிட்டது. சத்தம் போட வந்த எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், இன்னொரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் போனார். என் கணவர் முகத்தில் அன்று இருந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. நான் வாழ்ந்த நாள்களில் எதைத் திருப்பித் தருவது என்று யாராவது கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்பேன்.

பண்டிகைக்கு மைக்செட் அவருடைய அண்ணனுடையது. வாழவந்தியில் கடை. மலையில் எந்த விசேஷம் என்றாலும் மரத்துக்கு மரம் குழாய் ஹாரன் கட்டுவது அவர்தான். ஹாரன்களை ஒரே ஒயரில் பக்கம் பக்கமாக எத்தனை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும், அது பார்த்துக்கொள்ளும். இருபது வருஷம் அப்படியே கட்டிப் பழகிய கை அது.

பண்டிகையன்று சாயங்காலம் என் கணவர் மாஸ்டரை அழைத்துவர ஜீப்பில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். நான் மேடைக்குப் பின்னால் போனபோது அண்ணன் எங்கள் பெட்டியின் முதுகைத் திறந்து வைத்திருந்தார்.

"யாரு சாமி இதைக் கோத்தது? ஒன்னோட வாலுல ஒன்னைக் கட்டுனா சத்தம் பாதியாப் போயிருமே" என்றவர், நான் பற்றவைத்ததையெல்லாம் பிய்த்து நான்கையும் பக்கம் பக்கமாக ஒரே லைனில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, இது ஹாரன் இல்லீங்க. இதுல டிரான்ஸ்பார்மர் கிடையாதுங்க. ரெண்டு ஓம்ஸுக்கு எறங்கிரும், ஆம்ப்ளி போயிருங்க."

அவர் நிமிர்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இந்த மலையில பாடற ஹாரன் அத்தனையும் நான் கட்டுனது. இவங்க எனக்குப் பாடம் நடத்தறாங்க! நீ போயி எல்லாருக்கும் காப்பி போடு, போ கண்ணு." டிரம்காரர் கொல்லென்று சிரித்தார். கூடவே மற்றவர்களும்.

எனக்குக் காது வரை சுட்டது. நல்ல புத்தி ஒன்று உள்ளேயிருந்து, அவர் வந்ததும் சொல்லிவிடு, ஐந்து நிமிஷ வேலை என்றது. ரோஷம் அதைப் பேசவிடவில்லை. எரியட்டும். எரிந்தால் இந்தப் பெரிய மனுஷனுக்குத் தெரியும் யார் பாடம் நடத்துவதென்று. அப்படியேதான் நினைத்தேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

ஜீப் வந்து நின்றது. மாஸ்டரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு அவர் பின்னால் வந்தார். "நாலையும் ஒரே லைன்ல போட்டுட்டேன்டா, இனிப் பாரு சத்தத்தை" என்றார் அண்ணன். என் கணவர் கையில் ஒயரோடு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒயரை ஆம்ப்ளியில் செருகிவிட்டு மேடையேறினார்.

பாட்டின் ஆரம்பத்தில் கிட்டார் தனியாக வரும். வந்தது. டிரம்மையும் ஹாரனையும் தாண்டி, எதிர்ச் சரிவு வரைக்கும் போயிருக்கும். மாஸ்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த நிமிஷமே எனக்கு ரோஷம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. படி ஏறி ஒயரைப் பிடுங்கலாம் என்று ஓடினேன். வயிற்றுப் பிள்ளையோடு எவ்வளவு ஓட முடியும்? நான் போய்ச் சேர்வதற்குள் கருகிய வாடை வந்துவிட்டது. பெட்டி ஒரு தடவை கரகரத்து அடங்கியது. அவர் வழக்கம்போல் தலையை ஆட்டிக்கொண்டு, சத்தம் வராத கிட்டாரைப் பாட்டு முடியும்வரை வாசித்தார்.

"நொம்ப நல்லா ஆரம்பிச்சீங்க தம்பி" என்று தட்டிக்கொடுத்துவிட்டு மாஸ்டர் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே சேலத்திலிருந்து வேறொருவரைச் சேர்த்துக்கொண்டதாகக் கேள்வி. அண்ணனோ, ஆம்ப்ளி மட்டம் என்று ஊரெல்லாம் சொன்னார். என் அப்பா பூட்டியது மட்டம் என்று. வாயைத் திறக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு அது வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. வீட்டில் மகளுக்கு வாசித்துக் காட்டுவார், அவ்வளவுதான். ஜீப் ஓட்டியே ஓய்வு பெற்றார். நானும் மலையிலேயே கிடந்து பனிக்கும் அட்டைக்கும் பழகிப்போனேன்.

போன வருஷம் மகள் வீட்டுக்குப் போக இருவரும் பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் ஏதோ கிட்டார் பாட்டு. அவர் விரல்கள் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அன்னிக்கு ஒயர் தப்புன்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் உங்ககிட்டச் சொல்லாம இருந்துட்டேன்."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "எனக்குந்தான் தெரியும். நாலும் ஒரே லைன்னா ரெண்டு ஓம்ஸ். நீதானே சொல்லிக்குடுத்தே?"

"அப்பறம் ஏனுங்க சொருகுனீங்க?"

"உன்னையப் பாத்தேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. வயித்துல புள்ளையோட இவளைத் தனியா உட்டுட்டு ஊர் ஊராச் சுத்தப் போறோமே, இவளுக்கு மனசு இல்லையாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். சரி, போகட்டும்னு சொருகிட்டேன். பியூஸ்தான் போகும்னு பாத்தேன், ஆம்ப்ளியே போகும்னு நெனைக்கலே." புதுமாப்பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு கேட்டார். "நான் போறது உனக்குப் புடிக்கலை, அதானே புள்ள?"

அவர் போகவேண்டும் என்று அம்மனுக்கு விளக்குப் போட்டவள் நான். அவருடைய அண்ணன் மேல் இருந்த கோபத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள். இதை எந்த வாயால் சொல்வது?

"ஆமாங்க. உங்களை உட்டுட்டு எப்படிங்க இருக்கறது?" என்றேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அடிவாரம் வரும்வரை விடவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.