தளவாய் செய்த சாய்மானம்

தளவாய்க்கு இரும்பு சொன்னபடி கேட்கும், பெண்டாட்டி கேட்கமாட்டாள். இதை அவனே தாராவி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஜமாலாகிய நான் புதிதாக எதையும் கிளப்பிவிடவில்லை.

சயானில் ஒரு மோட்டார் பட்டறையில் அவன் மெக்கானிக். ராணுவத்தில் கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலக்காரனிடமிருந்து துண்டு துண்டாக வாங்கி வந்து பூட்டி, அறுபத்து நாலாம் வருஷம் ஒருநாள் எங்கள் சந்துக்குள்ளேயே ஓட்டி வந்துவிட்டான். நான் வாசலில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் ஊசி என் விரலில் ஏறியது. வாயில் வந்தபடி திட்டினேன்.

"திட்டாதீரும் மாமா. இதுல பேராச்சிய கண்டாலாவுக்குக் கூட்டிட்டுப் போப்போறேன்" என்றான்.

பட்டறை வேலையாக ஒருமுறை புனே போனபோது, வழியில் மழையில் அந்தக் கண்டாலா மலையைப் பார்த்திருக்கிறான். பாறைக்குப் பாறை தண்ணீர் கொட்டுமாம். அன்றிலிருந்து அதே பேச்சு. கல்யாணமாகி வந்த பேராச்சி பம்பாயில் பார்த்ததெல்லாம் குழாயடியும் ரேஷன் கடையும்தான். அவளுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டியே ஆக வேண்டும். வேறு எந்த ஆசையும் அவனுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

தடங்கல் இரண்டு. ஒன்று அவன் முதுகு. பட்டறையில் எஞ்சினைத் தூக்கப்போய்ப் பிடித்துக்கொண்டது; செம்பூர் தாண்டினாலே இடுப்பு விட்டுப்போகும். இன்னொன்று பேராச்சி. ஒரே ஒரு தடவை மாட்டுங்கா வரை பின்னால் உட்கார்ந்து போனாள். நடுத்தெருவில் புருஷன் இடுப்பைப் பிடிப்பதாவது? இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டே போனாள். பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது, அதனால் பயத்தில் "ஏங்க, ஏங்க" என்று கத்தினாளாம். பக்கத்தில் சைக்கிளில் போன தமிழ் ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எஞ்சின் சத்தத்தில் இவனுக்கு மட்டும் கேட்கவில்லை. திரும்பும்போது அவள் பஸ் ஏறிவிட்டாள். இனி அந்த வண்டியைத் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

முதலில் முதுகைச் சரிசெய்வோம், பெண்டாட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தானோ என்னவோ, வண்டி ஓட்டுகிறவன் முதுகுக்கு ஒரு சாய்மானம் செய்யக் கிளம்பினான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"வண்டியா ஓட்டுதீரு, இல்ல சலூன் வைக்கப்போறீரா வே?" என்றேன்.

சிரித்த பாவத்துக்குப் பாதி வேலை என் தலையில் விழுந்தது. உடைந்த இரும்புக் கட்டிலின் குழாயைச் சூடுகாட்டி வளைத்தான். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் அதைக் கிளாம்பு போட்டு நிறுத்தி, தேயிலைப் பெட்டிப் பலகையை முடுக்கினான். முன்பக்கம் மெத்தை வைத்துத் தோல் தைக்க வேண்டியது நான். தைத்தோம், முடிந்தது என்று விட்டானா? நாரும் பஞ்சும் அடைத்துக் கொடுத்தால், ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். "இடுப்புக்கிட்ட இன்னும் கொஞ்சம் வேணும் மாமா" என்பான். அடைப்பேன். "இப்ப மேல குத்துதே" என்பான். பிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. "வீட்டுக்கு ஒரு தலகாணி தைச்சுக் கேட்டா மட்டும் ஒங்களுக்கு நேரமில்ல" என்று என் வீட்டுக்காரி ஹபீபா உள்ளேயிருந்து பாடிக்கொண்டே இருந்தாள். பின்பக்கப் பலகையை மொட்டையாகவே விட்டுவிட்டோம். அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

கடைசியில் சாய்ந்து உட்கார்ந்தான் பாருங்கள், கலெக்டர் தோற்றுப்போவார். தாணே வரை போய்த் திரும்பினான். வலி இல்லை. சந்தே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. குடத்தோடு வந்த பேராச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நடுவுல செவரு கட்டியாச்சு. இனி நான் வந்தா என்ன, வராட்டா என்ன" என்றாள்.

தளவாயின் முகம் தொங்கிவிட்டது. முதுகையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, பின்னால் உட்காருகிறவளின் முகத்துக்கு நேரே பலகை நிற்கும் என்று தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளாம்பைக் கழற்றக் குனிந்தான். எனக்கு வந்ததே கோபம். யார் தைத்த தையல் அது?

நான் வாயைத் திறப்பதற்குள் பேராச்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டாள். பின் சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். பலகையின் மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. தளவாயை முன்னால் ஏறி உட்காரச் சொன்னாள். பிறகு மொட்டைப் பலகையை விரல் முட்டியால் தட்டினாள்.

"கேக்குதா?"

"முதுகெலும்புல கேக்குதுட்டி" என்றான் தளவாய்.

"அப்ப நான் வாரேன். ஒங்களப் பிடிக்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். நான் தட்டுனா மெதுவாப் போணும், அவ்வளவுதான்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்த ஞாயிறு விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள்.

அன்று நடந்ததைத் தளவாய் என்னிடம் இன்றுவரை சொன்னதில்லை. பேராச்சி ஹபீபாவிடம் சொன்னதுதான் இது. பன்வேல் வரை தட்டிக்கொண்டே போனாளாம். மாடு வந்தால் தட்டு, பஸ் வந்தால் தட்டு. இவனும் மாட்டுவண்டி வேகத்தில்தான் உருட்டினான். மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் முன்னால் ஒரு லாரி புகையைக் கக்கிக்கொண்டு, எதையும் பார்க்கவிடாமல் ஊர்கிறது. பேராச்சி தட்டினாள். இவன் வேகத்தைக் குறைத்தான். பலமாகத் தட்டினாள். இன்னும் குறைத்தான். படபடவென்று தட்டினாள். பதறிப்போய் ஓரமாக நிறுத்தித் திரும்பினான்.

"என்னட்டி, பயமா இருக்கா? எறங்குதியா?"

சேலை தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள் பேராச்சி.

"எதுக்கு நிறுத்துனிய? அந்த லாரிய முந்துங்கன்னுல்லா தட்டுதேன்."