பாங் அக்கா மகளுக்கு வழி சொன்னது

வழுக்கி விழப்போகிற வெள்ளைக்காரனை அவன் விழுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடுவாள் எங்கள் பாங் அக்கா. எந்தப் பக்கம் சாயப்போகிறான் என்று அவனுக்கே தெரியாது, இவளுக்குத் தெரிந்துவிடும். ஆளைப் பார்த்தால் என் தோள் உயரம்தான் இருப்பாள். ஆனால் பன்றி கனம் கனக்கிற ஆளை ஒரு கையால் இழுத்து வரப்பில் நிறுத்திவிட்டு, மறு கையில் இருக்கிற குடை சாயாமல் சிரிப்பாள். நான் பிடிக்கப் போனால் அவனும் நானும் சேர்ந்துதான் சேற்றில் கிடப்போம்.

அவள் எனக்கு ஓரகத்தி. அண்ணன் லூவுக்கு அவள், தம்பிக்கு நான். சா பா ஊரிலிருந்து கீழே எங்கள் ஊர் வரைக்கும் ஆட்களை நடத்திக் கூட்டிவருவதுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் பிழைப்பு. ஹனோயில் இருக்கிற ஒரு கம்பெனிதான் ஆள் அனுப்பும். ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் மலை, ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு, தூக்கம், அப்புறம் கடலுக்குப் போய்த் துடுப்புப் போட வேண்டும். இதற்கு அவர்கள்தான் பணமும் கட்டுகிறார்கள்.

"வீட்ல சும்மா கெடந்தா இவங்களுக்கு ஒடம்பு அரிக்குமாக்கா?" என்று நான் கேட்பேன்.

"வாய மூடுடி ச்சூ. அவங்களுக்கு அரிக்கிறதாலதான் நமக்கு அடுப்பெரியுது" என்பாள்.

எழுத்து ஒன்று தெரியாது அவளுக்கு. வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: உனக்கு எத்தனை பிள்ளைகள்? "மூணு" என்பாள். வீட்டில் ரெண்டு பையன்கள்தானே நிற்கிறார்கள் என்று ராத்திரி சாப்பிடும்போது யாராவது கேட்டால், "பெரியவ வெளியூர் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு, கேட்டவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பாள். எனக்கு அந்த இடத்தில் சோறு இறங்காது.

பெரியவள் பேர் சுவா. அப்போது பதினாறு வயது. தாயைப் போலவே சிரிப்பாள், தாயைவிட அழகாகத் தையல் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஒரு பையன் ரெண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தான், நம்ம மோங் சனத்துப் பையன்தான் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாராவது பதறினோமா? இல்லையே! எங்கள் சனத்தில் பையன் பெண்ணைச் சந்தையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவான். பெண் கத்துவாள், அதுவும் வழக்கம்தான். மூன்றாம் நாள் அவன் வீட்டிலிருந்து ரெண்டு பேர் புகையிலையோடு வந்து, "உங்க பொண்ணு எங்க அடுப்பங்கரையில இருக்கா, தேடாதீங்க" என்பார்கள். அப்புறம் சாராயத்தை ஊற்றி, சீர் பேச வேண்டியதுதான். எங்களை எல்லாம் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

லூ மாமா மீசையைத் தடவிக்கொண்டார். "ஆள் வருவாங்க. வெள்ளிக்காசு மட்டும் கொறச்சுக் கேக்காத" என்றார். பாங் அக்கா வீட்டைக் கூட்டினாள், சோளச் சாராயத்தை இறக்கி வைத்தாள். என்னைக் கூப்பிட்டு, "பன்னி எதுடி அறுக்கலாம், கருப்பா, புள்ளி போட்டதா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் புள்ளி போட்டதைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. "மழை பெய்யுது, நாளைக்கு வருவாங்க" என்றாள். மறுநாளும் சாராயம் அப்படியே இருந்தது. அதற்கப்புறம்தான் இது வழக்கமான இழுப்பு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. லாவோ காய் வரை ஓடினாள். ஆற்றுக்கு இந்தக் கரை எங்கள் நாடு, அந்தக் கரை சீனா. பாலத்தில் நின்றவனிடம் எல்லாம் சுவாவின் படத்தைக் காட்டினாள். ஒரு கடைக்காரி மட்டும், "இந்தப் பாவாட தையல் ஞாபகம் இருக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம். அழுதுட்டே பாலத்தத் தாண்டிப் போனா" என்றாள். நாங்கள் பன்றியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கரையில் அவளை விற்று முடித்துவிட்டார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்! போனில் பேசினானே, அவன் கை அழுகட்டும்!

கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிட்டது. வருஷங்கள் போயின. பாங் அக்கா வேலையை விடவில்லை. இந்த மலையில் அவளுக்குத் தெரியாத தடம் கிடையாது, பனி மூடிக் கை தெரியாத நாளிலும் கூட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்துவாள். "ஊரான் பிள்ளையெல்லாம் பத்திரமாக் கொண்டாந்து சேக்குறேன்டி" என்று ஒருநாள் ஆரம்பித்தவள், குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

போன மாசி மாதம் பக்கத்து ஊர்ப் பெண் சேய் திரும்பி வந்தாள். அவளையும் அதே மாதிரி விற்றிருந்தார்கள். வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் பாங் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் துணிக்குச் சாயம் முக்கி முக்கி நீலம் ஏறின கை.

"சுவா கையும் இப்படித்தான் இருந்துச்சு. கழுவிக் கழுவிப் பாத்தா, ரொம்ப நாள் போகல" என்றாள்.

"எங்க இருக்கா?" என்றாள் பாங் அக்கா.

"எம் பக்கத்து வீட்லதான் வச்சிருந்தாங்க பெரியம்மா. போன மழைக்காலம் காய்ச்சல் வந்துச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. போயிட்டா."

பாங் அக்கா கத்துவாள் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் கத்தவில்லை. விறகை உள்ளே தள்ளினாள்.

"அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கு. நாலு வயசிருக்கும். எப்பவும் வாசப்படியில ஒக்காந்திருக்கும். அதுக்கு நம்ம பேச்சு ரெண்டே வார்த்த தெரியும் பெரியம்மா. சுவா திருட்டுத்தனமாச் சொல்லிக் குடுத்தா. 'அம்மா'ன்னும், 'வா சாப்பிட'ன்னும்" என்றாள் சேய்.

அப்போதுதான் பாங் அக்கா கத்தினாள். மலை இடிந்து விழுந்ததுபோல் இருந்தது. பையன்கள் ரெண்டு பேரும் வயலிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள்.

"எந்த ஊருடி அது?" என்று நான்தான் கேட்டேன்.

"தெரியாதுக்கா. லாரியில தார்ப்பாய்க்கு அடியில போனோம். வரும்போதும் நான் அப்படித்தான் ஒளிஞ்சு வந்தேன். செங்கச் சூளை இருந்துச்சு. வீட்டுக்குப் பின்னால ஆறு. வேற ஒண்ணும் தெரியாது. ஊர்ப் பேர எங்க முன்னாடி சொல்லவே மாட்டாங்க."

பேர் இல்லையென்றால் அரசாங்கத்திலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். குழந்தையை மீட்டுத் தரச் சொல்லிக் கேட்கப் போனபோது, எந்த மாகாணம், எந்த மாவட்டம் என்றுதான் கேட்டார்கள். அது ஒரு பக்கம் இருக்க, எங்களுக்கு வேறொரு பெரிய கவலையும் இருந்தது. செத்தவளுக்கு வழி பாட வேண்டுமே!

எங்கள் ஆள் செத்தால் தானாக எங்கும் போய்விட முடியாது. கடைசியாக இருந்த ஊரிலிருந்து தொடங்கி, வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றின் பேரையும் சொல்லி, அங்கே குடித்த தண்ணீருக்கும் எரித்த விறகுக்கும் நன்றி சொல்ல வைத்து, பிறந்த வீடு வரைக்கும் ஒருவர் பாடிப் பாடிக் கூட்டிவர வேண்டும். பிறந்த வீட்டில், தாயின் கட்டிலுக்குக் கீழே பெண்ணின் நஞ்சுக்கொடி புதைந்திருக்கும். அதுதான் அவளுடைய முதல் சட்டை. அதைப் போட்டுக்கொண்டால்தான் முன்னோர் அவளை அடையாளம் கண்டு சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் செத்த ஊரிலேயே அந்நியர் வாசலில் நிற்க வேண்டியதுதான். லூ மாமா சிமெண்டு வீடு கட்டி விருந்தாளிகளுக்கு ரூம் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்தார். "அந்தக் கட்டில நகத்துனா உன் கைய ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டாள் பாங் அக்கா.

எங்கள் ஊரில் வழி பாடுகிறவர் நூ மாமா. "பேரு தெரியாத ஊர்லேர்ந்து நான் எப்படி ஆரம்பிக்கிறது? எடுத்த எடுப்புலயே முட்டுதே" என்று கையை விரித்தார்.

பாங் அக்கா கூட்டிவருகிறவர்களிடம் எல்லாம் அந்த ஊரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். மலை உச்சியில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், இவள் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நிற்பாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண் பாவம், தன் போனில் சீனாவின் மேப்பை விரித்துக் காட்டினாள். ஆறும் சூளையும் இருக்கிற ஊர் அதில் எத்தனை! அக்கா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "எம்மாம் பெரிய நாடுடி இது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்தான் அழுதாள். அக்காதான் அவளைத் தேற்றிக் கீழே கூட்டிவந்தாள்.

அறுவடை முடிந்ததும் லூ மாமா, "இதுக்கு மேல எம் பொண்ணத் தெருவுல நிக்க விடமாட்டேன். வழி தெரியுதோ இல்லையோ, பாடுங்க" என்று அந்தப் புள்ளிப் பன்றியின் குட்டி போட்ட குட்டியை அறுத்தார். உடல் இல்லை. ஒரு முறத்துக்கு சுவாவின் பழைய சட்டையைப் போர்த்தி வீட்டு நடுவில் வைத்தோம். மத்தியானம் மூங்கில் குழல் ஊதினார்கள், பறையை அடித்தார்கள். நூ மாமா தொண்டையைச் செருமினார். "சுவா, எழுந்திரு..." என்று தொடங்கி நின்றுவிட்டார். அடுத்தது ஊர்ப் பேர் வர வேண்டும்.

வீடே அவர் வாயைப் பார்த்தது. பாங் அக்கா எழுந்தாள்.

"மாமா, நான் சொல்றேன்."

"பொம்பள வழி பாடுறதா? எங்க நடந்திருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு கிழம் முனகியது.

"உன் வீட்டுக்கு வர்ற வெள்ளக்காரனுக்கு எல்லாம் யாருய்யா வழி காட்டுறா? உங்கப்பனா?" என்றேன் நான். நூ மாமா கையமர்த்தினார். "சொல்லும்மா" என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

அவளுக்குப் பாடத் தெரியாது. ஆட்களைக் கூட்டிப்போகிற அதே குரலில் சொன்னாள்.

"சுவா, அம்மா பேசுறேன். அவசரப்படாத. மொதல்ல பின்பக்கக் கதவால வெளிய வா. ஊர் பேரு வேணாம். ஆறு தெரியுதா? சேய், அந்தத் தண்ணி என்ன நெறம்?"

"செவப்பு பெரியம்மா. சேத்துச் செவப்பு."

"அப்ப லாவோ காய்ல ஓடுற நம்ம ஆறுதான். தண்ணி போற பக்கமாவே வா சுவா. எதிர்ல ஏறாத. கரையில வழுக்கும், குச்சி ஒண்ணு ஊணிக்க. பெரிய பாலம் வரும். அங்கேருந்து அம்மாவுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். கெளம்பு."

நூ மாமா ரெண்டு பிளந்த மூங்கில் துண்டுகளை எடுத்தார். "கெளம்பிட்டியா சுவா?" என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று கவிழ்ந்தும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால், போனவள் சம்மதித்தாள் என்று அர்த்தம். ரெண்டும் கவிழ்ந்தே விழுந்தன. மறுபடி போட்டார். மறுபடியும் கவிழ்ந்தன. பறையடித்தவன் நிறுத்திவிட்டான். மூன்றாவது தடவையும் அப்படியேதான்.

"பிள்ளை இழுக்குது. பிள்ளைய விட்டுடு, திரும்பிப் பாக்காம வான்னு நீதான் சொல்லணும் பாங். அதச் சொல்லாம தாயாருங்க கெளம்ப மாட்டாங்க" என்றார் நூ மாமா.

பாங் அக்கா முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுவா..." என்றாள். "பிள்ளைய..." என்றாள்.

"சொல்லுடி! இத்தன வருசமா அவ வரணும்னுதான தவம் கெடந்த? ஒத்த வார்த்த! சொல்லித் தொலடி!" என்று லூ மாமா அழுதுகொண்டே கத்தினார்.

அவள் சட்டையின் கையை விட்டாள்.

"வராதம்மா" என்றாள்.



"நீ வர வேணாம். அங்கியே இரு. அது வாசப்படியில ஒக்காந்திருக்கும்போது பக்கத்துல ஒக்காரு. ஆத்துப் பக்கம் போனா மறிச்சுக்க. சந்தைக்குப் போற வயசு வந்துச்சுன்னா கூடவே போ. எவனாவது கையப் பிடிச்சா, அது வழக்கம்னு நெனச்சு நம்மள மாதிரி சும்மா இருந்துடாத."

"என்ன பேசுற பாங்? வரலன்னா அவளுக்கு மூத்தவங்க யாரும் கெடையாது. முதல் சட்டை கெடையாது. பேயா அலைவா!" என்றார் நூ மாமா.

"அலையட்டும் மாமா. அந்தப் பிள்ளையச் சுத்தி அலையட்டும். அதுக்கு வேற யாரு இருக்கா?"

நூ மாமா மூங்கில் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். "சரியா சுவா?" என்று மட்டும் கேட்டு மூங்கிலைப் போட்டார்.

ஒன்று கவிழ்ந்தது. இன்னொன்று உருண்டு போய், முறத்தின் அடியில் மல்லாந்து நின்றது. லூ மாமா தரையில் தலையை மோதிக்கொண்டார். பாங் அக்கா மூங்கிலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்படித்தான் விழும்னு எனக்குத் தெரியும். நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்" என்றாள்.