மார்ட்டினோடு போன லிஃப்ட்

புவனேசனுக்குக் குளிர் ஆகாது. மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, லண்டனிலேயே தங்கிவிட்டவர். இருபது வருஷம் கழித்தும் அக்டோபர் பிறந்தால் உள்ளே இரண்டு பனியன் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர் முப்பத்தொன்பது வயதில் பனிச்சறுக்கு பழகப் போனார் என்றால் அதற்கு அலுவலகம்தான் காரணம்.

அவர் வேலை பார்த்தது ஒரு காப்புறுதி நிறுவனத்தில். பிப்ரவரியில் ஒரு வாரம் அங்கே பலரும் சேர்ந்து ஆல்ப்ஸ் மலைக்குப் போவார்கள். கட்டாயம் ஒன்றும் கிடையாது. ஆனால் போகாதவர்கள் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருந்தார்கள். மூன்று பதவி உயர்வு கைநழுவிய பிறகுதான் அவருக்கு இது உறைத்தது.

லண்டனுக்கு வெளியே, கூரைக்குள் செயற்கைப் பனி கொட்டிய சரிவில் சனிக்கிழமைதோறும் பழகினார். கூடப் பழகியவர்கள் ஏழு வயதுப் பிள்ளைகள். அவர் விழுந்தால் சுற்றிக்கொண்டு போனார்கள். எட்டாவது வாரம் விழாமல் இறங்கினார்.

அதன்பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை. மேலதிகாரி மார்ட்டினுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மாலையில் எல்லாரும் உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துத் தின்னும்போது புவனேசனும் தின்றுவிட்டு, அறைக்கு வந்து வயிற்றுக்கு மாத்திரை போடுவார். பதவி உயர்வு ஒன்று வந்தது. அதோடு சரி.

நாலாவது வருஷம் அவர் சரிவில் நின்றபோது, அறையில் கிடந்த போனில் தம்பியின் அழைப்பு பதினொன்று. ஈப்போவில் அம்மா தவறிவிட்டாள். விம்பிள்டன் வீட்டிலிருந்து மனைவி ஷாமளா கூப்பிட்டாள்.

"உடனே கிளம்புறீங்கதானே?"

"எப்படிப் போனாலும் முகம் பார்க்க முடியாது. நாளைக்குக் காலையிலேயே எடுத்துடுவாங்க."

"அதனால?"

அந்த வருஷம் புதிய இயக்குநரும் மலைக்கு வந்திருந்தார். புவனேசன் மீதி மூன்று நாளும் அங்கேயே இருந்தார். ஷாமளா அதைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை. பெட்டி அடுக்க உதவுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பதின்மூன்றாவது பயணம் போன பிப்ரவரியில். கடைசி நாள் காலை, கம்பியில் தொங்கியபடி உச்சிக்குப் போகும் நாற்காலி லிஃப்டில் மார்ட்டின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தரை விலகியதும் பேச ஆரம்பித்தார்.

"திங்கட்கிழமை ஆட்குறைப்புக் கடிதம் வருகிறது, புவன். முதலில் என் வாயால் நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்."

"இங்கே வந்திருப்பவர்களில் யார் யார்?"

மார்ட்டின் தன் கையுறையைப் பார்த்தார். "நீங்கள் மட்டும்தான்."

"எப்போது முடிவானது?"

"டிசம்பரில். பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டீர்கள். வர வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை."

உச்சிக்கு இன்னும் ஆறேழு நிமிடம் இருந்தது. இறங்க வழியில்லை. கால்கள் தொங்க, தோளோடு தோள் உரச இருவரும் போனார்கள். மார்ட்டின் வானிலையைப் பற்றிப் பேசினார். புவனேசன் தலையாட்டினார்.

மேலே இறங்கும்போது மார்ட்டினின் சறுக்குப் பலகை ஒன்று கழன்றது, பூட்ஸ் திரும்ப அதில் மாட்டவில்லை. "புவன், கொஞ்சம் பாருங்களேன்."

புவனேசன் குனிந்தார். பூட்ஸின் அடியில் இறுகியிருந்த பனியைச் சுரண்டி எடுத்தார், குதிகாலைப் பிடித்து அழுத்தினார். டக்கென்று மாட்டிக்கொண்டது. நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தோன்றி உடம்பெல்லாம் கூசியது. அதற்குள் மார்ட்டின் பாதிச் சரிவு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே சொன்னார். ஷாமளா அடுப்பை அணைத்தாள்.

"ஒரு நாளாவது அது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"இல்ல."

"ஆமான்னு சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்."

இப்போது அவருக்கு க்ராய்டனில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. சேர்ந்த மாதமே அங்கிருந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பந்து விளையாட வரச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள், சும்மாதான் கூப்பிட்டார்கள். புவனேசன் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முழங்கால் சரியில்லை என்று சொல்லிவிட்டுத் கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.