ஏழைத் தாண்டாத முள்

வேதியியல் டீச்சருக்குப் பள்ளியில் வைத்த பட்டப்பெயர் 'முதல்ல சொல்லு'. பத்தொன்பது வருடமாக அவர் வகுப்பில் அதுதான் சட்டம். என்ன ஆகும் என்று முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அப்புறம்தான் எதையும் தொடலாம். வீட்டுக்காரர் சமையலில் உப்பு பார்க்கப் போனாலும் இதே பாட்டுதான்.

பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வந்தன. திரையிலேயே அமிலத்தை ஊற்றி, கலக்கி, பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்ளும் மென்பொருளும் வந்தது. தலைமை ஆசிரியர் ஒன்பதுக்குப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளைகள் கை பட்டால் தேய்ந்துவிடுமாம். மீதி ஒன்றில் டீச்சர் தட்ட, நாற்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். டீச்சர் அவர் அறைக்கு நடையாய் நடந்த பிறகு மனிதர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆய்வுக்கு வரும் அதிகாரி நல்லபடியாக எழுதிவிட்டால் பத்தையும் பிள்ளைகளிடம் விடலாம் என்றார்.

அதிகாரி வந்தார். தானும் வேதியியல் படித்தவர் என்று யாரும் கேட்காமலே சொன்னார். திரையில் அமிலக் குடுவை, மேலே தண்ணீர்க் குழாய், பக்கத்தில் ஒரு முள். முள் ஏழுக்குக் கீழே நின்றால் அமிலம், மேலே போனால் காரம். அதிகாரி மௌஸைப் பிடித்ததும் டீச்சரின் பழக்கம் முந்திக்கொண்டது.

"முதல்ல சொல்லுங்க சார், அப்புறம் தொடுங்க."

"இதுல என்னம்மா இருக்கு? தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா அமிலம் காரமா மாறிடும்."

போன வாரம் இதையே சொல்லி, சண்டை போட்டு, திரையைப் பார்த்துத் திருந்திய பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். அதிகாரி குழாயைத் திறந்தார். முள் நாலு, ஐந்து, ஆறு என்று ஏறி, ஏழை ஒட்டி நின்றுவிட்டது. அவர் இன்னும் ஊற்றினார். அது அசையவில்லை. தலைமை ஆசிரியர் கண்ணாலேயே கெஞ்சினார். டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வெறும் தண்ணியே ஏழுதானே சார். ஏழைத் தாண்டிப் போக அது முள்ளை எப்படித் தள்ளும்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதிகாரி குறிப்பேட்டில் எழுதினார்: 'இயந்திரத்தில் கோளாறு. பழுது நீக்கும்வரை அறையைப் பூட்டி வைக்கவும்.'

டீச்சருக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் ஒருத்தி, அறையை எப்போது திறப்பார்கள் என்று கேட்டாள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"திறக்கவே மாட்டாங்க மிஸ்," என்றார்கள் நாற்பது பேரும்.

பத்தொன்பது வருடத்தில் வகுப்பு மொத்தமும் முதல் தடவையே சரியாகச் சொன்னது அன்றைக்குத்தான்.