படத்துக்காகக் கட்டிய குடிசை

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகராட்சியில் மூன்று வருடம் ஒப்பந்த வேலை பார்த்தேன். ஏழைகள் வீடு கட்டிக்கொள்ள மத்திய அரசு தரும் மானியத்துக்குப் படம் எடுப்பதுதான் என் வேலை. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு போட்டோகிராபர் ஆகிவிட்டாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், ஏனென்றால் அது உண்மை. பணம் டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும். எங்கள் ஆபீஸிலிருந்து போவது படம். பழைய வீட்டுக்கு முன்னால் சொந்தக்காரரை நிற்கவைத்து முதல் படம். பிறகு அஸ்திவாரம், ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. செல்போனில் இருக்கும் ஆப், இடத்தையும் நேரத்தையும் படத்தோடு சேர்த்து அனுப்பிவிடும். படம் சரியில்லை என்றால் வீடும் இல்லை.

ஊர்க் கடைசியில், வாய்க்கால் கரையை ஒட்டிய வார்டில் ஒரு அக்கா இருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்டில் பாதிப் பேர் கோயில் மனையில் குடியிருக்கிறவர்கள். வீடு அவர்களுடையது, தரை சாமியுடையது, ஆகவே மானியம் கிடையாது. இந்த அக்காவுக்கு மட்டும் பட்டா சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விண்ணப்பம் எழுதப் போன அன்று குடிசைக்குள் உட்காரவைத்து டீ கொடுத்தார். ஆள் உயரத்துக்கு மண் சுவர், வழுவழுவென்று மெழுகிய தரை, மேலே பழைய கீற்று. மழைக்கு ஒழுகும் என்றாலும் நேர்த்தியான குடிசை. மகள் லீவுக்கு வந்தால் உடை மாற்றிக்கொள்ள ஒரு மூலையில் மண்ணாலேயே தடுப்பு வைத்திருந்தார்.

"பெரிய வீடெல்லாம் வேணாங்க மேடம். அவ படிப்ப முடிச்சுட்டு வர்றப்ப கதவு வச்ச ரூம் ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

மேடம் என்று கூப்பிடாதீங்க என்றேன். "சரிங்க மேடம்" என்றார்.

வைகாசியில் பட்டியல் வந்தது. உடனே போன் செய்தேன். "அக்கா, உங்க பேரு வந்துடுச்சு. நாளைக்கு வந்து பழைய வீட்டைப் படம் எடுத்துடறேன்."

மறுநாள் ஆப் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. சர்வர் பிரச்சினை என்றார்கள். திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைத் திட்டியபடி மூன்று நாள் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் திறந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

குடிசை இல்லை. சுவர் இடிந்து மண்மேடாகக் கிடந்தது. நடுவில் நூல் பிடித்து அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டியிருந்தார்கள். ஈசானிய மூலையில் மஞ்சள், குங்குமம், பூ. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்து வாழைப்பழத் தட்டை நீட்டினார்.

"நேத்து வாஸ்து நாள் மேடம். இத விட்டா ஆனியில நாள் இல்ல, ஆடியில யாரு வீடு தொடங்குவா? ஆவணி வந்துட்டா நடவு, கையாளுகூட கிடைக்காது. நீங்கதான் பேரு வந்துடுச்சுன்னு சொல்லிட்டீங்களே, அதான் பிரிச்சுட்டோம்."

வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டேன். படம் எடுக்கும்வரை ஒரு கீற்றைக்கூடத் தொடாதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் அப்பா போர்வெல் போடுவதற்கே பஞ்சாங்கம் பார்த்து இரண்டு மாதம் காத்திருந்தவர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, பேர் வந்துவிட்டது என்றால் அடுத்த நல்ல நாளில் கடப்பாரை இறங்கிவிடும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? ஆப்பில் கூரை வீடு, ஓட்டு வீடு, காலி மனை என்று மூன்று கட்டங்கள் இருந்தன. காலி மனை என்று போட்டால் அந்தப் பட்டியலிலிருந்து பேர் போய்விடும். குடிசை இருந்ததற்கு நானே சாட்சி. ஆனால் சாட்சி சொல்ல அதில் கட்டம் கிடையாது.

எங்கள் இன்ஜினியர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இடிஞ்ச சுவரை எங்க போயி நிறுத்தறது? நாலு மூங்கில நட்டு கீத்தைக் கட்டுங்க. படம் எடுத்து, அது ஓகே ஆனதும் பிரிச்சுக்கட்டும்" என்றார். இருந்ததைத்தானே காட்டுகிறோம், இதில் என்ன பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கம்பக்கத்தார் கூடி, அஸ்திவாரக் குழி படத்தில் தெரியாதபடி அதன் முன்னால் ஒரே காலையில் கட்டிவிட்டார்கள். அக்கா துவைத்த புடவை கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். படம் போனது. பதில் வரும்வரை பிரிக்க வேண்டாம் என்றேன். அவரும் அதற்குள்ளேயே அடுப்பை வைத்துக்கொண்டார்.

ஆறேழு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'குடிசை புதிதாக அமைக்கப்பட்டதாகத் தெரிகிறது. மறு ஆய்வுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீற்றெல்லாம் பச்சையாக இருந்தது; பழையது பிரித்தபோதே நொறுங்கிவிட்டதால் புதிதாக வெட்டிக் கட்டியது. எங்கேயோ உட்கார்ந்திருந்த யாரோ தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

அதன்பிறகு நான் எழுதாத கடிதம் இல்லை. விண்ணப்ப நகல், அக்கம்பக்கத்தார் கையெழுத்து எல்லாம் இணைத்து அனுப்பினேன். ஆய்வுக்கு ஆள் வருவார்கள் என்றார்கள். என்றைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அதே வருடம் வேறொரு மத்திய நிதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடைபாதையோடு பூங்கா கட்டினார்கள். அதற்கும் படம் எடுத்தது நான்தான். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புரட்டாசி கடைசியில் முதல் மழை பெய்த மறுநாள் அந்த வார்டுக்குப் போனேன். குடிசையின் மூன்று பக்கமும் பழைய புடவைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவையும் நனைந்திருந்தன. அக்கா இடிந்த சுவர் மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

"தீபாவளிக்குப் பொண்ணு வரணும் மேடம். போன தடவ துணி மாத்தறதுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வந்துச்சு. அந்த வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்க. இனிமே வரலம்மா, ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன்னு போன்ல சொல்லுது. மழை பலமா புடிக்கறதுக்குள்ள சுவரு வச்சுடறேன். வைக்கலாங்களா?"

அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது அவர் மனை, அவர் மண். ஆனாலும் என்னைக் கேட்டார். ஆய்வுக்கு வருகிறவர் படத்தையும் குடிசையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். படத்தில் இல்லாத சுவரைப் பார்த்தால் கோப்பை அன்றே மூடிவிடுவார். அதைச் சொன்னேன்.

"வேணாம்க்கா. படத்துல இருக்கற மாதிரியே இருக்கட்டும். எதையும் மாத்தாதீங்க."

"எப்ப வருவாங்க மேடம்?"

"தெரியலக்கா."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரிங்க மேடம்" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து, சுவருக்குக் குழைத்து வைத்திருந்த மண்ணை, வாஸ்து நாளில் வெட்டிய அஸ்திவாரக் குழிக்குள் தள்ளி மூட ஆரம்பித்தார்.