சந்தனம் வைத்த பிளாப்பி

கன்னியம்மாவுக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. மண்ணூர்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது நசுங்கியவை. வைத்தியத்தில் விரல் மிஞ்சியது, அசைவு போய்விட்டது. டைப்ரைட்டிங் முன்பே பாஸ் செய்திருந்ததால், அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் டைப்பிங் கம்பெனியில் சேர்ந்துகொண்டாள். இன்டர்வியூவில் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பதில் சொன்னாளாம். பக்கத்து மிஷினில் உட்கார்ந்த எனக்கு மட்டும் தெரியும். "ஜமீலாக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. திரும்ப பிரஸ்ஸுக்குப் போவச் சொன்னா செத்துடுவேன்" என்றாள்.

எங்கள் வேலை வெளிநாட்டுப் புத்தகங்களை டைப் அடிப்பது. ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னும் பின்னும் அம்புத் தலை மாதிரி குறிகள் போடவேண்டும். அந்தக் குறிகளெல்லாம் வலது பக்கக் கோடியில், செத்த விரல்கள் போகவேண்டிய இடத்தில். எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும், அவளுக்கு உயிர் போகும்.

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஊர்க்கதை பேச, இவள் டைப் அடிக்கும் எடிட்டர் புரோகிராமின் உதவிப் பக்கங்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பாள். எந்தக் கீ என்ன செய்யவேண்டும் என்று நாமே அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அப்படித்தான் கண்டுபிடித்தாள். இடது கைப் பக்கமுள்ள எஃப்-1, எஃப்-2 கீகளில் ஒன்றைத் தட்டினால், தலைப்பின் இரண்டு பக்கமும் குறி தானே வந்து உட்காரும். இன்னொன்று அடுத்த தலைப்புக்குத் தாவும். எம்மாடி! எங்களையெல்லாம் தாண்டிப் போய்விட்டாள்.

ஆனால் மிஷின் மூன்று ஷிப்டுக்கும் பொது. "எவளும் செட்டிங்கை மாத்தக்கூடாது" என்பது சூப்பர்வைசர் லோகநாதனின் சட்டம். அதனால் தன் கீகளை ஒரு பிளாப்பியில் போட்டு, காலையில் மிஷினில் ஏற்றி, போகும்போது அதிலிருந்து அழித்துவிடுவாள். இன்னொரு காப்பி எடுத்து வையடி என்று நான் வாய் வலிக்கச் சொன்னேன். கேட்டால்தானே!

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட் முழுக்கப் பூசணிக்காய் உடைத்து ரோடெல்லாம் சிவப்பு. மானிட்டருக்கு மாலை, கீபோர்டுக்குப் பொட்டு. எனக்கும் பொரி கடலை கொடுத்தார்கள். கன்னியம்மா பிளாப்பியை உறையிலிருந்து எடுத்து, நல்ல விரல்களால் குழைத்த சந்தனத்தை இழுத்துப் பூசி, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அட்டையின் நீள ஓட்டையில் கறுப்பாக வட்டு தெரியுமே, சரியாக அங்கே. அவளைப் பொறுத்தவரை அதுதான் ஆயுதம், அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பாள்?

பூஜை லீவு முடிந்த அன்றைக்கே பர்மனென்ட் டெஸ்ட். கொடுத்த பக்கங்களைச் சாப்பாட்டுச் சங்குக்குள் முடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. கன்னியம்மா பிளாப்பியைச் சொருகினாள். மிஷின் கர்ரென்றது.

"இன்னாக்கா இது, படிக்கமாட்டேங்குதே?"

வெளியே எடுத்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து, வட்டெல்லாம் கீறல். "அடிப்பாவி, இது மேலயா வெச்சே?" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்த விரல்களோடு குறி போட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை. பிறகு டெஸ்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கீயையும் நினைவிலிருந்து மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

லோகநாதன் வந்து நின்றான். "இன்னாம்மா, எல்லாரும் அடிச்சுகினு கீறாங்க, நீ விளையாடிகினு கீற?"

"தோ சார், ஆச்சு."

ஆனதும் பறந்தாள். அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. சங்கு ஊதியபோது கடைசிப் பக்கம் பாக்கி.

லோகநாதன் முடியாதென்று தலையை ஆட்டினான். அப்போது கன்னியம்மா, அவளாகவே, வலது கையை மேஜை மேல் விரித்து வைத்தாள். "இதால தான் சார் லேட்டு."

அவன் அந்த விரல்களைப் பார்த்தான். "முன்னாடியே சொல்லியிருந்தா உன்னை எடுத்தே இருக்கமாட்டோமேம்மா" என்றான். திட்டவில்லை, அமைதியாகத்தான் சொன்னான். அந்த அமைதிக்கு அவன் வாயில் மண்ணைப் போடலாம் போலிருந்தது எனக்கு.

கீகளை அழிக்காமலே அவள் போய்விட்டாள். அடுத்த ஷிப்டுக்காரி கை தவறி ஒன்றைத் தட்ட, தலைப்புக்குக் குறி தானாக வந்து உட்கார்ந்தது. அந்த மிஷினுக்குச் சண்டையே நடந்தது. ஒரு வாரத்தில் லோகநாதன் தன் சட்டத்தைத் தானே மறந்து, அதை எல்லா மிஷினுக்கும் ஏற்றிவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்து, மண்ணூர்பேட்டையில் பிரஸ் வாசலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன், கையெல்லாம் கிரீஸ். பழைய பிரஸ்ஸில்தான் இருக்கிறாளாம். விஷயத்தைச் சொன்னேன்.

"குறி எல்லாம் எடது கைப் பக்கமே வெச்சிருக்காங்களாக்கா?"

"ஆமாடி."

"உங்களுக்குத்தான் ரெண்டு கையும் நல்லா கீதே. எதுக்கு?" என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் பிரஸ் சங்கு ஊதிவிட்டது. மிச்சமிருந்த எட்டு விரல்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.